ஹாலோவீன் பாட்லக்: 25 வாண்டுங்களுக்கு கையில தூக்கிட்டுப் போற மாதிரி என்ன செய்யலாம்?

ப்ளேனோ_அம்மா:

ஹாய் தோழீஸ், அவசரமா ஒரு ஐடியா வேணும். நாங்க சென்னைல இருந்து டெக்சஸ் வந்து நாலு மாசம்தான் ஆகுது, இதுதான் எங்களுக்கு முதல் ஹாலோவீன். அபார்ட்மெண்ட் க்ளப்ஹவுஸ்ல அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5:30க்கு பாட்லக், அதான் ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுறது, சாப்பிட்டுட்டு 6:30க்கு வேஷம் போட்ட பிள்ளைங்க எல்லாம் வீடு வீடா மிட்டாய் வாங்க ட்ரிக் ஆர் ட்ரீட் கிளம்பிடுவாங்க. சைன்-அப் ஷீட்ல ஸ்வீட், சிப்ஸ், ஜூஸ் எல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க, கிட்ஸ் மெயின்னு ஒரு வரி மட்டும் காலியா கிடந்துச்சு, நான் என் பேரைப் போட்டுட்டேன்.

நிலவரம் இதுதான். 25 குழந்தைங்க, 3 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும். நம்ம ஊர்க்காரங்க மூணே குடும்பம், மீதி எல்லாம் வேற வேற ஊரு. அங்க ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கு, ஓவன் கிடையாது. வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல இருந்து நேரா அங்க வந்துடுவார், அதனால நான் சின்னவனை ஸ்ட்ரோலர்ல தள்ளிக்கிட்டு, பெரியவளைக் கையில பிடிச்சுக்கிட்டு, சாப்பாட்டையும் தூக்கிட்டு பத்து நிமிஷம் நடக்கணும். நாங்க வெஜ். முக்கியமா இன்னொண்ணு, குரூப்ல ஒரு அம்மா அவங்க பையனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஆகாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அந்தப் பையன் என் பொண்ணோட க்ளாஸ்தான், ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்கார்றவங்க.

நான் யோசிச்சு வச்சது லெமன் ரைஸ், இல்லன்னா பாஸ்தா, இல்லன்னா பொடி தடவின மினி இட்லி. பொண்ணு பேய் மாதிரி ஏதாவது செஞ்சு குடும்மான்னு ரெண்டு நாளா கேக்குறா. எது சரிவரும்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

எடிசன்_அக்கா:

வாம்மா, நான் பதினோரு வருஷமா நியூஜெர்சில ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் ஏதாவது செஞ்சு தூக்கிட்டுப் போறவ, அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஸ்பூன் வேணும்கிற எதையும் எடுத்துட்டுப் போகாதே. அன்னிக்குப் பிள்ளைங்க உக்காந்து சாப்பிட மாட்டாங்க. ஒருத்தன் கையில வாள், ஒருத்தி முதுகுல றெக்கை, ஒருத்தனுக்கு மூஞ்சி பூரா பெயிண்ட், அடுத்தவன் க்ளவுஸைக் கழட்டவே மாட்டேன்னு நிப்பான். இதுல தட்டுல லெமன் ரைஸ் போட்டுக் குடுத்தா பாதி தரையிலதான் கிடக்கும், அதுவும் நம்ம லெமன் ரைஸ்ல வேர்க்கடலை இல்லாம இருக்காது. பாஸ்தா ஆறினா கட்டி தட்டிடும், ஓவன் வேற இல்லைங்கற. ஒரு கையில எடுத்து மூணு கடியில முடியணும், ஆறினாலும் ருசி மாறக்கூடாது. இந்தக் கணக்குக்கு நான் பார்த்த வரைக்கும் பஃப்ஸை அடிச்சுக்க எதுவும் இல்ல. நம்ம ஊர் பேக்கரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குமே வெஜ் பஃப்ஸ், அதேதான், அதை மம்மி மாதிரி, அதான் எகிப்துல உடம்பு பூரா துணி சுத்தி வச்சிருக்குற பிணம் மாதிரி, கட்டு போட்டுக் குடுத்தா ஹாலோவீன்.

செய்முறை சொல்றேன் கேட்டுக்கோ. ஃப்ரோசன் செக்ஷன்ல பஃப் பேஸ்ட்ரி ஷீட் பெட்டி இருக்கும், பெப்பரிட்ஜ் ஃபார்ம் 17.3 அவுன்ஸ் பெட்டில ரெண்டு ஷீட், உனக்கு மூணு பெட்டி வேணும். முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல இறக்கி வச்சிடு. ஒரு ஷீட்டை ஆறு நீளத் துண்டா வெட்டு, ஆக மொத்தம் 36 வரும், 25 பிள்ளைங்களுக்கும் பக்கத்துல நின்னு ஆசையா பாக்குற அப்பாக்களுக்கும் போதும். உள்ள வைக்க ரெண்டரை பவுண்டு உருளைக்கிழங்கு, கொஞ்சம் கேரட், பட்டாணி, மஞ்சள், உப்பு, சீரகம், கடைசில ஒரு மூடி எலுமிச்சை. பச்சை மிளகாய் வேண்டாம், மிளகும் பேருக்குத்தான். மசாலா நல்லா வறண்டு இருக்கணும், ஈரமா இருந்தா அடிப்பக்கம் வேகாம சவசவன்னு ஆயிடும், சூடா இருக்கும்போது வைக்கவும் கூடாது, மாவுக்குள்ள இருக்குற கொழுப்பு உருகி படலம் படலமா எழும்பாது. நடுவுல மசாலாவை நீளமா வச்சு, ரெண்டு பக்கத்து ஓரத்தையும் கத்தியால விரல் அகலத்துக்குக் கீறிவிட்டு, இடதுல ஒண்ணு வலதுல ஒண்ணுன்னு ஜடை பின்ற மாதிரி மாத்தி மாத்தி மேல போடு. மேல் பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு அதுல ரெண்டு பட்டாணியை அழுத்தி வச்சா அதான் கண்ணு. ஓவன்ல அது லேசா சுருங்கி நிஜமாவே முழிக்கிற மாதிரி இருக்கும். 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல 20ல இருந்து 25 நிமிஷம், பொன்னிறம் வந்ததும் எடுத்துடு. முட்டை தடவணும்னு சொல்லுவாங்க, தேவையே இல்ல, அதுவே சிவக்கும்.

இன்னொண்ணு, ஸ்வீட் டேபிள்ல உன் பொண்ணு எடுக்கும்போது பக்கத்துல நில்லு, நீங்க வெஜ்ங்கறதால சொல்றேன். புழு மாதிரி இருக்குற ஜவ்வு மிட்டாய் கம்மி வார்ம், மார்ஷ்மெல்லோ இதுலல்லாம் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாடு, பன்னியோட தோல் எலும்புல இருந்து எடுக்குறது, சோள மணி மாதிரி இருக்குமே கேண்டி கார்ன் மிட்டாய், நிறைய அதுலயும் இருக்கு.

சிகாகோ_கிச்சன்:

ஹாய் சிஸ், எனக்கு மினி இட்லிதான் தோணுது, நம்ம சாப்பாட்டை மத்த பிள்ளைங்களும் ருசி பாக்கட்டுமே. வெள்ளை வெளேர்னு ரெண்டு கண்ணு வச்சா குட்டிப் பேய்தான். அப்புறம் தீபாவளி முடிஞ்சு பதினோரு நாள்தானே, முறுக்கு மீதி இருந்தா அதையும் ஒரு டப்பால போட்டு எடுத்துட்டுப் போங்க, சூனியக்காரி வளையல்னு சொன்னா வாண்டுங்க பிச்சுக்கும்.

ஓஹாயோ_அம்மா:

தோழி, நான் இந்த இழைல பதில் போடணும்னே லாகின் பண்ணேன். என் பையனுக்கு ஏழு வயசு, எள்ளும் முந்திரியும் ஆகாது. நீங்க முகம் தெரியாத ஒரு அம்மாவோட மெசேஜை ஞாபகம் வச்சுக்கிட்டு இங்க வந்து கேக்குறீங்க பாருங்க, அதைப் படிக்கும்போதே எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

சிகாகோ சிஸ் தப்பா நினைக்காதீங்க, உங்க ஐடியா நல்ல ஐடியாதான், ஆனா அந்தப் பையன் வர்ற இடத்துக்கு அது ரெண்டும் வேண்டாம். நம்ம சமையல்ல எள்ளு எங்கெங்க இருக்குன்னு நமக்கே கண்ணுல படாது. இட்லித் தட்டுல தடவுறது நல்லெண்ணெய், அது எள்ளுதான். பொடில எள்ளு வறுத்துப் போட்டிருப்போம், குழைக்கிறதும் நல்லெண்ணெய். முறுக்கு மாவுல எள்ளு, தட்டைல வேர்க்கடலை. எள்ளே போடாத முறுக்கா இருந்தாலும், எள்ளு போட்டது வெந்த அதே எண்ணெய்ல வெந்திருந்தா அதுவும் ஆகாது. இங்கத்த அம்மாக்களுக்கு இதெல்லாம் தெரியாது, அவங்க இட்லியைப் பார்த்தா வெறும் அரிசின்னுதான் நினைப்பாங்க, அதனால நாமதான் பார்த்துக்கணும்.

எடிசன் அக்கா சொன்ன பஃப்ஸ் சரியா வரும், ஆனா இதையெல்லாம் கவனிச்சுக்கோங்க. மசாலா தாளிக்க கனோலா இல்லன்னா சூரியகாந்தி எண்ணெய், அதுவும் புதுசா பிரிச்ச பாட்டில். பழைய வாணலி, எள்ளுருண்டை பிடிச்ச பலகை, மர அகப்பை இதெல்லாம் வேண்டாம், கழுவின ஸ்டீல் பாத்திரமும் பார்ச்மென்ட் பேப்பரும் போதும். கரம் மசாலா, சாம்பார்ப்பொடி எதுவும் சேக்காதீங்க, அரைக்கிற இடத்துல என்னென்ன அரைச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. பஃப் பேஸ்ட்ரி பெட்டில லேபிளைப் படிங்க. 2023 ஜனவரி 1ல இருந்து எள்ளையும் ஒன்பதாவது அலர்ஜியா லேபிள்ல கட்டாயம் போடணும்னு இங்க சட்டம், அதனால இருந்தா எழுதியிருப்பாங்க. ஆனா பன், ப்ரெட்ல ஒரு வேதனையான விஷயம் நடந்துச்சு, எள்ளு கலந்துடாம பாத்துக்கறது கஷ்டம்னு சில பேக்கரி கம்பெனிங்க மாவுலயே கொஞ்சம் எள்ளு மாவைச் சேர்த்து லேபிள்ல போட்டுட்டாங்க. என் பையன் மூணு வருஷம் சாப்பிட்ட பன்னை அப்படித்தான் நிறுத்தினோம். அதனால இதை வழக்கமா வாங்குறதுதானேன்னு நினைக்காம ஒவ்வொரு தடவையும் படிக்கணும்.

முடிஞ்சா அந்தப் பெட்டியோட லேபிள் பக்கத்தை வெட்டி ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு ட்ரே பக்கத்துலயே வையுங்க, என்னென்ன போட்டீங்கன்னு ஒரு சீட்டும் எழுதுங்க. எங்களை மாதிரி அம்மாக்களுக்கு "எதுவும் இல்லைங்க, தைரியமா குடுங்க"ன்னு வாயால சொல்றதை விட அந்தச் சீட்டுதான் தைரியம். மத்தவங்க கொண்டு வந்ததோட கலக்காம உங்க ட்ரேயைத் தனியா ஒரு ஓரமா வையுங்க, தனி இடுக்கியும் வேணும். வாசல்ல பச்சையும் நீலமும் கலந்த டீல் கலர் பூசணி வச்சிருந்தா அந்த வீட்டுல மிட்டாய்க்கு பதிலா பொம்மை, ஸ்டிக்கர் கிடைக்கும்னு அர்த்தம், ஃபேர்ங்கிற உணவு அலர்ஜி அமைப்பு 2014ல நாடு முழுக்க ஆரம்பிச்சு வச்சது. உங்க வாசல்லயும் ஒண்ணு வச்சீங்கன்னா அந்தப் பையன் ஓடி வருவான்.

ஆஸ்டின்_அப்பா:

ரெசிப்பி எல்லாம் சொல்லிட்டாங்க, எடுத்துட்டுப் போறதைப் பத்தி நான் சொல்றேன். பஃப்ஸை சூடா அலுமினிய ட்ரேல அடுக்கி மூடியைப் போட்டு அமுக்கிட்டீங்கன்னா முடிஞ்சது கதை, ஆவி உள்ளயே தங்கி அரை மணில நமத்துப் போயிடும். போன வருஷம் என் பொண்ணு பர்த்டேக்கு நாங்க 40 பஃப்ஸ் சுட்டு அப்படித்தான் மூடி எடுத்துட்டுப் போனோம், திறந்து பார்த்தா ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு, பொண்ணு முகத்தைப் பாக்க முடியல. கம்பித் தட்டுல பத்து பதினஞ்சு நிமிஷம் ஆற விட்டு, அட்டைப் பெட்டில பேப்பர் டவல் விரிச்சு ஒரே அடுக்கா வையுங்க, மேல ஒரு மெல்லிய துணி போதும். பேக்கரில ஏன் அட்டைப் பெட்டில தர்றாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஒவ்வொண்ணையும் கப்கேக் பேப்பர் கப்ல வச்சா பிள்ளைங்க கை மத்ததுல படாது, உதிர்ற தூளும் அதுலயே விழும்.

ஸ்ட்ரோலர் அடில இருக்குற கூடைல பெட்டி உக்காருமான்னு முந்தின நாளே காலிப் பெட்டியை வச்சுப் பாத்துக்கோங்க. டைமிங் முக்கியம், உருளைக்கிழங்கு மசாலா வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாதுங்கிறதுதான் இங்க சொல்ற கணக்கு, 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரம்தான். நீங்க 4:45க்கு ஓவன்ல இருந்து எடுத்தா சரியா இருக்கும்.

கோயமுத்தூர்_பாட்டி:

கண்ணு, நான் மக வீட்டுக்கு சான் ஹோசே வந்திருக்கேன், போன வருஷமும் வந்தேன், அப்ப பார்த்ததைச் சொல்றேன். மூணு வயசுக் குழந்தைங்களுக்கு இந்தச் சந்தோஷத்துல ஒண்ணும் இறங்காதுங்க, அதுங்க கண்ணு பூரா வேஷத்து மேலதான். அதுக்கு ஒரு பழம் வச்சாப் போதும். சின்ன ஆரஞ்சு, இங்க மேண்டரின்னு பையில விக்கிறாங்களே, தோல் உரிக்காம அப்படியே வச்சு, அது மேல கறுப்பு மார்க்கர்ல உம் பொண்ணையே கண்ணு மூக்கு வாய் வரையச் சொல்லு. பூசணிக்காய் மாதிரியே இருக்கும். எங்க பேத்தி இருபது பழத்துக்கு இருபது மூஞ்சி வரைஞ்சா, ஒண்ணு அழுவுது, ஒண்ணுக்குப் பல்லே இல்ல, ஒண்ணு அவ தாத்தா மாதிரி மூக்குக் கண்ணாடி போட்டிருக்குது. உரிக்காததால கை படாது, காயாது, அந்த அலர்ஜிப் பையனும் பயமில்லாம எடுத்துக்குவான். திராட்சை வைக்கறதா இருந்தா மட்டும் நீளவாக்குல நாலா வகுந்து வைக்கோணும், முழுசா குடுத்தா சின்னதுங்க தொண்டைல அடைச்சுக்கும். பாப்கார்னும் அந்த வயசுக்கு ஆவாது.

ப்ளேனோ_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி! லெமன் ரைஸ், இட்லி ரெண்டும் விட்டாச்சு. மம்மி பஃப்ஸும் பாட்டி சொன்ன ஆரஞ்சும்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு சோதனைக்கு ஒரு ஷீட் மட்டும் சுட்டுப் பார்த்தேன், முதல் ஆறுல ரெண்டு வெடிச்சு மசாலா வெளில வந்துடுச்சு. அக்கா, நிறைய வச்சுட்டேன்னு நினைக்கறேன்?

எடிசன்_அக்கா:

ஆமாம்மா, ஒண்ணுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன், அதுக்கு மேல வைக்காதே. ஓரத்துல லேசா தண்ணி தொட்டு அழுத்தி விடு. மடிச்சு முடிச்சதும் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சு அப்புறம் ஓவன்ல வை, வெடிக்காது.

ப்ளேனோ_அம்மா:

நவம்பர் 1. நேத்து நடந்ததைச் சொல்லத்தான் காலைல எழுந்ததும் வந்தேன்.

36 எடுத்துட்டுப் போனேன், நாலு மிச்சம் வந்துச்சு. அட்டைப் பெட்டி ஐடியாவுக்கு ஆஸ்டின் அண்ணாவுக்கு நன்றி, அங்க போய்ச் சேர்ந்தப்பவும் மொறுமொறுன்னு இருந்துச்சு. லேபிளை வெட்டி கவர்ல போட்டு, சீட்டை என் பொண்ணு அவ கையெழுத்துலயே எழுதி ட்ரே பக்கத்துல ஒட்டினா. அந்தப் பையனோட அம்மா உள்ள வந்ததும் நேரா டேபிளுக்கு வந்து சீட்டைப் படிச்சாங்க, கவரைத் திருப்பி லேபிளைப் படிச்சாங்க, என்ன எண்ணெய், எந்தப் பலகைல வச்சு வெட்டினீங்கன்னு ரெண்டே கேள்வி கேட்டாங்க. நான் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாங்க.

பையன் விண்வெளி வீரர் வேஷம், தலைல பெரிய ஹெல்மெட், கையில வெள்ளை க்ளவுஸ். தூரத்துலயே நின்னு அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான், அவங்க தலையை ஆட்டினதும் ஓடி வந்தான். க்ளவுஸைக் கழட்டாமயே பேப்பர் கப்போட ஒண்ணை எடுத்து, ஹெல்மெட் கண்ணாடியை மேல தள்ளிட்டு, என் பொண்ணுகிட்ட காட்டி என் மம்மிக்கு ஒரு கண்ணுதான் இருக்குன்னு சொன்னான். ஒரு பட்டாணி எங்கயோ விழுந்துருச்சு. இவ உடனே தன்னோடதுல இருந்து ஒரு பட்டாணியைப் பிச்சு அதுல அழுத்தி வச்சா. மூணு சாப்பிட்டான் தோழீஸ்.

ஓஹாயோ சிஸ், டீல் பூசணிக்கு பெயிண்ட் கிடைக்கல, அதனால டீல் கலர் பேப்பரைச் சுத்தி வாசல்ல வச்சோம், 7 மணிக்கு வந்து ஸ்டிக்கர் எடுத்துட்டுப் போனான். பாட்டி, ஆரஞ்சு ஒண்ணு கூட மிஞ்சல. மசாலா ஒரு கிண்ணம் மீதி இருக்கு, இன்னிக்கு காலைல மசால் தோசை.