‘திங்கள் வரை லீவு’ என்று மெயில் போடாதீர்கள்

லீவில் மன்னார்குடி வந்திருக்கிறேன். செப்டம்பரில் வெளிநாட்டுக்குக் கிளம்பப்போகும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக வீட்டுக்கு வந்து போகிறார்கள். குக்கர் எடுத்துட்டுப் போகணுமா, ஊறுகாய் எத்தனை கிலோ, குளிர் ஜாக்கெட்டை இங்கேயே வாங்கலாமா என்று எல்லாம் கேட்கிறார்கள். இங்கிலீஷ் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாலு வருஷம் இங்கிலீஷில்தானே படித்தோம் என்ற தைரியம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அந்தத் தைரியத்தில்தான் லண்டன் போய் இறங்கினேன்.

பெரிய கிராமர் எல்லாம் எழுதப்போவதில்லை. அட், இன், ஆன், பை, டு, ஃபார் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற இந்தச் சில்லறைச் சொற்கள்தான் என் மானத்தை அதிகம் வாங்கியவை. நம் மொழியில் இந்த வேலையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபு பார்த்துக்கொள்கிறது. அதை அப்படியே பெயர்த்து முன்னால் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் சறுக்குகிறோம்.

முதல் தப்பு விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே நடந்துவிடும். ‘கோயிங் டு அப்ராட்’. அப்ராட் என்ற சொல்லுக்குள்ளேயே ‘வெளிநாட்டுக்கு’ என்பதில் வரும் அந்தக் ‘கு’ அடக்கம், அதனால் ‘கோயிங் அப்ராட்’ மட்டும்தான். ‘கோயிங் ஹோம்’ என்பதும் அப்படியே. ஆனால் ‘மை ஹவுஸ்’ என்றால் ‘டு’ வந்தாக வேண்டும். அதேபோல நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் கிழமைக்கு முன்னால் ‘ஆன்’ போடாதீர்கள். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ தனியாக நிற்கும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். முதல் வருஷம் பொங்கலுக்கு லீவு எடுத்தேன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வருவதாகக் கணக்கு. ‘ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் மண்டே’ என்று எல்லாருக்கும் மெயில் தட்டிவிட்டேன். திங்கள் காலை ஒன்பதரைக்கு நான் போர்வைக்குள் இருக்கும்போது மேனேஜர் போன் செய்கிறார், மீட்டிங்கில் எல்லாரும் உனக்காகக் காத்திருக்கிறோம், எங்கே இருக்கிறாய் என்று. நமக்கு ‘திங்கள் வரை லீவு’ என்றால் திங்களும் லீவு. மேட்டூர் அணையில் பாசனத் தண்ணீர் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்றால் 28ஆம் தேதியும் உள்ளே வரும் என்றுதான் எங்கள் பக்கத்தில் எந்த விவசாயியும் எடுத்துக்கொள்வார். அவர்களோ ‘லீவ் அன்டில் மண்டே’ என்றால் திங்களன்று ஆள் வந்துவிடுவார் என்று படிக்கிறார்கள். அன்றிலிருந்து நான் ‘வரை’யே எழுதுவதில்லை, ‘பேக் ஆன் டியூஸ்டே’ என்று திரும்பி வரும் நாளைச் சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அங்கே ‘த்ரூ மண்டே’ என்பார்கள், அதில் திங்களும் சேர்த்தி.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் ‘பை’. ‘வில் பே அன்டில் ஃப்ரைடே’ என்று வீட்டு ஏஜென்டுக்கு எழுதுகிறோம். நம் மனசில் இருப்பது ‘வெள்ளிக்குள் கட்டிவிடுகிறேன்’. அவருக்குக் கேட்பது ‘வெள்ளி வரை கட்டிக்கொண்டே இருப்பேன்’. எழுதுவதற்கு முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘வரை’ என்று வந்தால் அன்டில். ‘க்குள்’ என்று வந்தால், அது தேதியாகவோ கிழமையாகவோ இருந்தால் பை, ‘ரெண்டு வாரத்துக்குள்’ மாதிரி கால அளவாக இருந்தால் விதின். ஆனால் கிளினிக்கில் ‘இன் டூ வீக்ஸ் வா’ என்றால் ரெண்டு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று அர்த்தமில்லை. ரெண்டு வாரம் கழித்து வா என்றுதான் அர்த்தம். நான் நாலாவது நாளே போய் நின்றேன்.

ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. மனைவிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தபோது ‘ஐ ஆம் இன் ஹாஸ்பிடல், வில் கால் லேட்டர்’ என்று ஆபீஸ் குரூப்பில் போட்டேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். லுங்கியோடு திறந்தால் கூட வேலை பார்க்கிறவர் கையில் பூங்கொத்து. பிரிட்டனில் ‘இன் ஹாஸ்பிடல்’ என்றால் அட்மிட் ஆகிப் படுக்கையில் கிடப்பது. சும்மா போய்க் காத்திருந்தால் ‘அட் த ஹாஸ்பிடல்’. பூவை வாங்கிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய.

இதற்கெல்லாம் வேர் நம் ‘இல்’. வாசலில், மேசையில், காரில், காலையில், கத்தியில் நறுக்கினாள், ஆற்றங்கரையில். ஒரே உருபு ஆறு இடத்தில் வேலை பார்க்கிறது. இங்கிலீஷில் வாசலுக்கு அட், மேசைக்கு ஆன், காருக்கும் காலைக்கும் இன், கத்திக்கு வித், கரைக்கு மறுபடி ஆன். ‘திருவையாறு ஆன் த காவேரி’ என்றால் ஊர் தண்ணீரில் மிதக்கிறது என்றில்லை, கரையில் இருக்கிறது. வண்டி விஷயத்தில் எனக்கு உதவிய ஒரு கணக்கு: எழுந்து நடமாட இடமிருக்கிற பஸ், ரயில், விமானத்துக்கு ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்காருகிற கார், டாக்சிக்கு ‘இன்’. காலத்துக்கு மேட்டூர் அணையையே வைத்துக்கொள்ளுங்கள், ‘இன் ஜூன்’, ‘ஆன் ஜூன் 12’, மணியைச் சொன்னால் ‘அட்’.

அப்புறம் வரிசை. வழி சொல்லும்போது இது உயிரை எடுக்கும். ‘ஹரித்ரா நதி வடகரையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மாடி வீடு’ என்று (ஹரித்ரா நதி பேரில்தான் நதி, எங்கள் ஊர்த் தெப்பக்குளம் அது) நாம் ஊரைச் சுற்றிக்கொண்டுவந்து கடைசியில் வீட்டில் நிற்போம். இங்கிலீஷில் வீடுதான் முதலில்: ஹவுஸ், பிஹைண்ட் த ஸ்கூல், அதற்கப்புறம் கரை, அதற்கப்புறம் குளம். பார்சல்காரர் போனில் கேட்கும்போது நாம் குளத்திலிருந்து ஆரம்பித்தால் அவர் குளத்துக்குத்தான் போவார். தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் போட்டுவிட்டு அப்படியே பின்பக்கமாக நடந்து போங்கள், சரியாக வரும்.

ஆனால் நடுவில் ஆஃப், ஃபார் எதுவும் இல்லாமல் பெயர்களை அடுக்கினால் அது நம் ஊர் வழக்கம்தான். ‘பார்க்கிங் பெர்மிட் ரின்யூவல் ஃபார்ம்’ என்றால் கடைசியில் இருக்கிற ஃபார்ம்தான் பொருள், மற்றதெல்லாம் அடைமொழி. ‘திருவாரூர்த் தேர்’ என்கிறோமே, ஊருக்கும் தேருக்கும் நடுவில் உருபு மறைந்து நிற்கவில்லையா, அதே தொகைதான். அதனால் கவுன்சிலிலிருந்து, அதாவது அங்கத்து நகராட்சியிலிருந்து, இப்படி நீளமாக ஏதாவது வந்தால் மிரளாமல் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள். கடையில் மட்டும் கவனம்: ‘கப் ஆஃப் டீ’ என்றால் டீ வரும், ‘டீ கப்’ என்றால் வெறும் கோப்பை.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்த ஒன்று உண்டு. ‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பு என்று திருத்துகிறார்கள், ‘டிஸ்கஷன் அபவுட்’ என்று அவர்களே எழுதுகிறார்கள். நம்மைக் கிண்டல் செய்கிறார்களா என்று கூடத் தோன்றியது. விஷயம் என்னவென்றால் அந்த வினைச்சொல் நேராகப் போய்ப் பெயரைப் பிடித்துக்கொள்ளும், அதுவே பெயராக மாறிவிட்டால் நடுவில் கைபிடித்துவிட ஓர் ஆள் வேண்டும். ‘விசிட் கும்பகோணம்’, ஆனால் ‘எ விசிட் டு கும்பகோணம்’. ‘ரிக்வெஸ்ட் லீவ்’, ஆனால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ‘ஆன்சர் த கொஸ்டின்’, ஆனால் ‘த ஆன்சர் டு த கொஸ்டின்’. ‘பற்றி’ என்று தமிழில் யோசிப்பதால் டிஸ்கஸ் பின்னால் அபவுட் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘மேரீட் வித்’ என்பதும் இப்படி வந்ததுதான், நம் ‘கூட’தான் அங்கே வித் ஆகிறது, அவர்களுக்கு ‘மேரீட் டு’. எல்லா வினையும் இந்த ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிட்டுக்கு ஃபார், லிசனுக்கு டு கட்டாயம், ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ கிடையாது, ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ’.

காதால் கேட்டே கற்றுக்கொள்ளலாமே என்றால், இந்தச் சொற்களை அவர்கள் விழுங்கித்தான் பேசுவார்கள். ‘கப் ஆஃப் டீ’ நம் காதுக்கு ‘கப்பா டீ’. நடுவில் இருந்தது ஆஃபா ஃபாரா என்றே தெரியாது. அதனால்தான் இருபது வருஷம் இருந்தவர்கள்கூட இதைத் திருத்திக்கொள்ளாமல் இருக்கிறார்கள். எழுத்தில் பாருங்கள். ஆபீஸ் மெயிலில் வருவதைப் பெயரோடு சேர்த்து முழுசாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ‘அட்’ என்று தனியாக எழுதினால் பிரயோஜனமில்லை.

நீடாமங்கலத்திலிருந்து டொரண்டோ போகும் தங்கை ‘அட் த வீக்கெண்டா, ஆன் த வீக்கெண்டா அண்ணே’ என்று கேட்டிருந்தாள். லண்டனில் அட், உங்கள் பக்கம் ஆன். ஃபார்ம் நிரப்புவதும் அப்படியே, பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஃபில் இன்’, அங்கே ‘ஃபில் அவுட்’. போன இடத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதைச் சொல்லும்மா.