பையான் விசையைச் சுமப்பதா, வந்து மோதுவதா?

அஸ்தம்பட்டி மாணவி:
வணக்கம். சேலத்தில் முதுநிலை இயற்பியல் படிக்கிறேன். புரோட்டானையும் நியூட்ரானையும் பிணைக்கும் விசையைப் பையான் என்னும் மெசான் (எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள துகள்) சுமக்கிறது என்று அணுக்கரு இயற்பியலில் படித்தோம். துகள் இயற்பியலிலோ அதே பையானைக் கற்றையாக்கி ஹைட்ரஜன் மீது மோதவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வினைதானா? மேலும், சுமார் 190 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலில் நேர்மின் பையானுக்கான குறுக்குவெட்டு (மோதல் நிகழும் வாய்ப்பின் அளவு) எதிர்மின் பையானுடையதைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. புரோட்டான் நேர்மின் பையானை விலக்குமே, அது குறைவாக அல்லவா இருக்க வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியர்:
ஒரே வினைதான். நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒரு பையானை உமிழ்வதும் விழுங்குவதுமே அடிப்படை நிகழ்வு. ஒரு நியூக்ளியான் உமிழ்ந்ததை அண்டை நியூக்ளியான் விழுங்கினால் அது அணுக்கரு விசை. அப்போது பையானின் நிறைக்கு ஈடான ஆற்றல் கையிருப்பில் இல்லாததால் அது கணநேரமே இருக்க இயலும், ஆகவே விசையின் வீச்சும் 1.4 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) அளவோடு நின்றுவிடுகிறது. 1935இல் ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா இந்த உறவைக் கொண்டே அப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்றார். கற்றையில் வரும் பையானோ தன் ஆற்றலைத் தானே கொண்டுவருகிறது. நியூக்ளியான் அதை விழுங்கித் திரும்ப உமிழ்கிறது. இரு நிகழ்வுகளுக்கும் பிணைப்பு மாறிலி (வினையின் வலிமையைக் குறிக்கும் எண்) ஒன்றே என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்று மடங்கிற்குக் காரணம் ஐசோஸ்பின். புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாகக் கருதும்போது வரும் குவாண்டம் எண் அது; இத்தகைய மோதலில் அது மாறாது. இந்த ஆற்றலில் மின்விலக்கம் மிகச் சிறியது. பையானின் ஐசோஸ்பின் 1, நியூக்ளியானுடையது 1/2. நேர்மின் பையானும் புரோட்டானும் சேர்ந்தால் மொத்தம் 3/2 மட்டுமே வரும். எதிர்மின் பையானும் புரோட்டானும் சேர்ந்த நிலையில் 3/2இன் பங்கு மூன்றில் ஒன்றுதான், எஞ்சியது 1/2. நீங்கள் குறிப்பிடும் ஆற்றலில் 1232 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள டெல்டா என்ற ஒத்ததிர்வு (கணநேரமே வாழும் துகள்) உருவாகிறது. அதன் ஐசோஸ்பின் 3/2. ஆகவே 3/2இன் பங்கு எவ்வளவோ அவ்வளவே குறுக்குவெட்டு: நேர்மின் பையானுக்குச் சுமார் 200 மில்லிபார்ன் (குறுக்குவெட்டின் அலகு), எதிர்மின் பையானுக்கு 70. 1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர் குறுக்குவெட்டின் இந்த ஏற்றத்தைக் கண்டார்கள்.

நாகலூர் வாசகர்:
ஒரு எச்சரிக்கை. பழைய நூல்களில் மியூயானையும் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) மெசான் என்றே எழுதியிருப்பார்கள். ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் எங்கள் கூரையை ஊடுருவி இறங்குபவை மியூயான்கள். அவற்றை ஈன்ற பையான்கள் மேல்வளியிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடுகின்றன, அல்லது காற்றின் அணுக்கருக்களில் மோதி அழிகின்றன. 1947இல் ரோமில் மூவர், கரியில் நின்ற எதிர்மின் மியூயான்கள் அணுக்கருவால் விழுங்கப்படாமல் பெரும்பாலும் சிதைவதைக் காட்டியபோதுதான், அணுக்கரு விரைந்து விழுங்கவேண்டிய யுகாவாவின் துகள் அது இல்லை என்பது உறுதியாயிற்று. அதே ஆண்டில் பிரிஸ்டலில் பவலின் குழு பையானைக் கண்டது.

அஸ்தம்பட்டி மாணவி:
நன்றி ஐயா. கணக்கிட்டுப் பார்த்தேன். எதிர்மின் பையான் புரோட்டானில் மோதி அப்படியே சிதறுவதற்கு 1/9 பங்கும், மின்னூட்டம் மாறி நடுநிலைப் பையானும் நியூட்ரானுமாக வெளிவருவதற்கு 2/9 பங்கும் வருகின்றன. சரிதானா?

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியர்:
மிகச் சரி. இரண்டையும் கூட்டினால் 1/3. நேர்மின் பையானையும் சேர்த்து, நேர்மின் பையானின் சிதறல், மின்னூட்ட மாற்றம், எதிர்மின் பையானின் சிதறல் என்ற வரிசையில் 9 : 2 : 1 என்று எழுதுங்கள், டெல்டாவின் உச்சியில் சோதனை அளவீடுகளும் இந்த விகிதத்தை ஒட்டியே அமைகின்றன.