பிரைமர் தட்டையாகவில்லை என்றால் அழுத்தம் மிகவில்லை என்று பொருளா?

மயூர் விகார் பொறியாளர்:

பணிமனை ஐயா நேற்று எழுதிய விடை எனக்கு எரிச்சலை மூட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ராமகிருஷ்ணபுரத்து அம்மையாரின் தம்பி அரிசோனாவில் வசிப்பவர், தம்முடைய .30-06 வகை ரைபிளுக்குத் தாமே தோட்டா நிரப்பிக்கொள்பவர். கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்டால் ரைபிளைப் பின்புறம் அடைத்துப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி இரண்டு விரலுக்கே எழுகிறது. தாம் நிரப்பியதைச் சுட்டால் மட்டும் உள்ளங்கையால் அடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஐயாவின் தீர்ப்பு, "பிரைமர் தட்டையாகவில்லை என்றால் அழுத்தம் மிகவில்லை, சேம்பரைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து சுடச் சொல்லுங்கள்" என்பது. பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கிண்ணம்; சேம்பர் என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை. சேம்பரில் அழுக்கு இருந்தால் அது கடைத் தோட்டாவையும் அல்லவா பிடித்திருக்க வேண்டும்?

சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எஃகுச் சுவரும் மிகச் சிறிதளவு விரிகிறது. அழுத்தம் இறங்கியதும் இரண்டும் சுருங்க வேண்டும், அதிலும் பித்தளை சற்றுக் கூடுதலாகச் சுருங்கினால்தான் கூடு விடுபடும். அழுத்தம் எல்லையைத் தாண்டும்போது கூட்டின் அடிப்பகுதி நிரந்தரமாக உப்பிவிடுகிறது. சுருங்கி வரும் எஃகு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. போல்ட் எழ மறுப்பது அதனால்தான். இந்த அறிகுறி தெரிந்த பிறகும் தொடர்ந்து சுடச் சொல்வது பொறுப்பான பேச்சு அல்ல.

பணிமனை (ஓய்வு), டெல்லி கன்டோன்மென்ட்:

தம்பி, நீங்கள் உலோகவியலைப் புத்தகத்தில் படித்தீர்கள்; நான் ரைபிளைக் கையில் பிரித்து வேலை செய்தேன். ராணுவப் பணிமனையில் எங்கள் மேசைக்கு வந்த வெற்றுக்கூடுகளில் நாங்கள் முதலில் பார்த்தது பிரைமரைத்தான். அதன் ஓரம் உருண்டையாக இருந்தால் அழுத்தம் சரி. விளிம்புவரை பரவித் தட்டையாகிவிட்டால் தவறு. அம்மையாரின் தம்பியிடம் பிரைமரின் ஓரம் உருண்டையாக இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். கடைத் தோட்டா ஏன் இறுகவில்லை என்று கேட்கிறீர்கள். அது புதிய பித்தளை, அளவில் சிறியது. இவர் நிரப்புவது பலமுறை சுட்டுப் பருத்த கூடு. சொரசொரப்பான சேம்பர் பருத்ததைப் பிடிக்கும், மெலிந்ததை விட்டுவிடும். பிரைமர் தட்டையாகவில்லை, எனவே அழுத்தம் மிகவில்லை. இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மயூர் விகார் பொறியாளர்:

பருத்த கூடு என்று ஐயா சொல்வதில் ஆராய வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆனால் அதை அவர் ஆராயவில்லை. கூடு பருத்திருந்தால் போல்ட்டை மூடும்போதே தடை தெரிந்திருக்கும். டை என்னும் அச்சில் அழுத்தி அளவாக்கிய வெற்றுக்கூட்டைப் பவுடரும் குண்டும் இல்லாமல் சேம்பரில் வைத்து மூடிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மூடும்போது இறுகினால் டையைச் சரிசெய்ய வேண்டும். எளிதாக மூடி, சுட்ட பிறகு மட்டும் இறுகினால், முதல் சந்தேகம் அழுத்தத்தின் மேல் விழ வேண்டும். மூடும்போது எளிதா, கடினமா என்று அம்மையாரிடம் கேட்காமலே தீர்ப்பு வழங்கிவிட்டீர்கள்.

பிரைமரைப் பற்றி: அதன் கிண்ணம் எல்லா நிறுவனத்திலும் ஒரே தடிப்பு அல்ல, ஒரே கடினமும் அல்ல. ராணுவ வகைப் பிரைமர் கடினமானது. அபாயமான அழுத்தத்திலும் அதன் ஓரம் உருண்டையாகவே இருக்கக்கூடும். மறுபுறம், ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் கூட்டைத் தாங்கும் இடத்துக்கும் இடையிலான நீளம், அதிகமான ரைபிளில் மிதமான தோட்டாவின் பிரைமர்கூடத் தட்டையாகும், ஏனெனில் முதலில் பிரைமர் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, பிறகு கூடு வந்து அதன்மேல் மோதுகிறது. இருபுறமும் பொய் சொல்லும் சாட்சியை வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்புச் சொல்வது?

துக்ளகாபாத் குறிகாரர்:

நீங்கள் இருவரும் ரைபிளையே மறந்துவிட்டீர்கள். மௌசர் 98 வகைப் போல்ட்டில் கைப்பிடியைத் தூக்கும்போதுதான் பிரைமரை அடிக்கும் ஊசியின் ஸ்பிரிங் இழுபடுகிறது. லீ என்ஃபீல்டில் போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது இழுபடுகிறது. நம் இஷாபூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் லீ என்ஃபீல்டின் வழி வந்தது. அதைத் தூக்கிப் பழகியவருக்கு இந்த மௌசர் வகை கடினமாகத்தான் தோன்றும். அரிசோனாக்காரர் முன்பு எதைச் சுட்டார் என்று கேளுங்கள். துக்ளகாபாத் கர்ணி சிங் அரங்கில் இந்தக் குழப்பத்தை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மயூர் விகார் பொறியாளர்:

ஸ்பிரிங்கின் தடை கடைத் தோட்டாவிலும், காலிச் சேம்பரிலும், கையால் நிரப்பிய தோட்டாவிலும் ஒரே அளவாகத்தான் இருக்கும். தோட்டாவைப் பொறுத்து மாறுவது ஸ்பிரிங் அல்ல. தவிர, ஸ்பிரிங்கின் தடை கைப்பிடி எழத் தொடங்கும் இடத்தில் தெரியும். கூட்டைப் பிடுங்கும் தடையோ கைப்பிடி மேலே முடியும் இடத்தில் தெரியும், ஏனெனில் கூட்டை முதலில் அசைத்துக் கொடுக்கும் சாய்தளம் அங்கேதான் வேலை செய்கிறது. எந்த இடத்தில் இறுகுகிறது என்று கேட்டிருந்தால் பாதி விவாதம் மிஞ்சியிருக்காது.

ராமகிருஷ்ணபுரம் வாசகி:

தம்பியிடம் கேட்டு எழுதுகிறேன். மூடும்போது எந்தத் தடையும் இல்லை. இறுகுவது கைப்பிடி மேலே முடியும் இடத்தில்தான். கூட்டின் அடிப்பரப்பில், எழுத்துகளின் மேல், அரைவட்டமாகப் பளபளப்பான தடம் ஒன்று விழுகிறது. கூடுகள் பழைய ராணுவக் கூடுகள். பவுடர் அளவை எடுத்த நூல் வேறு நிறுவனக் கூட்டுக்குக் கொடுத்தது. அந்த நூல் 24 அங்குலக் குழலுக்குச் சொல்லும் வேகத்தைவிட அவருடைய 22 அங்குலக் குழலில் கூடுதல் வேகம் வருகிறது. அவர் அதைத் தம் ரைபிளின் சிறப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். சண்டையை விட்டு, அவர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்வீர்களா?

பணிமனை (ஓய்வு), டெல்லி கன்டோன்மென்ட்:

அம்மா, இவ்வளவு எழுதினீர்கள். பிரைமர் தட்டையா, இல்லையா என்பதை மட்டும் மறுபடியும் எழுதவில்லை. அந்தப் பளபளப்புத் தடம், போல்ட் முகத்தில் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளையின் கூரிய விளிம்பாலும் விழும். வேகமானி வெயிலிலும் நிழலிலும் வேறு வேறு எண் காட்டும் கருவி. இவற்றையெல்லாம் நம்பி நல்ல ரைபிளைக் குறை சொல்லக் கூடாது. பிரைமர் தட்டையாகவில்லை என்று முன்பு எழுதினீர்கள். என் விடை மாறவில்லை.

மயூர் விகார் பொறியாளர்:

அம்மையாரே, தங்கள் தம்பி உடனே சுடுவதை நிறுத்த வேண்டும். தாங்கள் எழுதியவை ஒன்றை ஒன்று உறுதி செய்கின்றன. சிறிய குழலில் நூலைவிடக் கூடுதல் வேகம் இலவசமாக வருவதில்லை; அது அழுத்தத்தைக் கொடுத்து வாங்கியது. ராணுவக் கூடுகளில் பல சுவர் தடித்தவை. உள்ளே இடம் குறைந்தால் அதே அளவு பவுடர் கூடுதல் அழுத்தம் எழுப்பும். இருவகைக் கூட்டையும் எடைபோட்டு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அடிப்பரப்பின் தடம், கூட்டின் பித்தளை எஜெக்டர் துளைக்குள் பிதுங்கி, போல்ட் திரும்பும்போது தேய்க்கப்பட்டதன் அடையாளம். துளை விளிம்புதான் காரணம் என்றால் கடைத் தோட்டாவிலும் அந்தத் தடம் விழ வேண்டும். விழுகிறதா என்று பார்க்கட்டும்.

கூட்டின் நீளத்தையும் அளக்க வேண்டும். .30-06 கூட்டின் உச்ச நீளம் 63.35 மில்லிமீட்டர், பலமுறை சுட்ட கூடு நீண்டு, அதன் கழுத்து சேம்பரின் முனையில் நெருக்கப்பட்டால் குண்டு விடுபட வழியின்றி அழுத்தம் ஏறும். குண்டு குழலின் வரிப்பள்ளத்தைத் தொடும் அளவுக்கு முன்னே பொருத்தப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான். நிரப்பிய தோட்டாக்களைக் குண்டு பிடுங்கும் கருவியால் பிரித்துவிட்டு, நூலின் தொடக்க அளவிலிருந்து மறுபடியும் படிப்படியாக வர வேண்டும். துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் அமெரிக்க அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. இந்தத் தோட்டாவுக்கு வைத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. வலுவான ரைபிளில் போல்ட் இறுகத் தொடங்குவது பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான். எனவே இறுக்கத்தை ஒரு தொடக்க எச்சரிக்கை என்று எண்ணிவிடக் கூடாது.

துக்ளகாபாத் குறிகாரர்:

அரிசோனா வெயிலை யாரும் பேசவில்லை. மே மாதத்தில் இங்கே வண்டிக்குள் தோட்டாப் பெட்டியை வைத்துப் பாருங்கள், பிறகு தெரியும். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தியாவுக்கென்று கார்டைட் என்ற அக்காலப் பவுடரைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்கள் விற்றார்கள். இதைச் சென்ற ஆண்டு நான் சொன்னபோது பொறியாளர் என்னைக் கேலி செய்தார்.

மயூர் விகார் பொறியாளர்:

கேலி செய்யவில்லை. எல்லாப் பவுடரும் கார்டைட் அல்ல என்றுதான் சொன்னேன். வெப்பத்துக்கு மிகக் குறைவாகவே மாறும் பவுடர்கள் இன்று உண்டு. அதே வெயிலில்தான் அவர் கடைத் தோட்டாவையும் சுடுகிறார் என்பதை இப்போதும் கவனிக்க மறுக்கிறீர்கள். குளிர்காலத்தில் எல்லைக்கு அருகில் நிரப்பிய தோட்டா கோடையில் எல்லையைத் தாண்டும் என்பது வேறு; அதை நான் என்றும் மறுத்ததில்லை.

பணிமனை (ஓய்வு), டெல்லி கன்டோன்மென்ட்:

சென்ற ஆண்டு பேச்சு வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். சேம்பரில் லேசாக எண்ணெய் பூசினால் கூடு சிக்காது என்று நான் எழுதியபோது, எல்லோர் முன்னாலும் என்னை அபாயமானவன் என்று எழுதியவர் இந்தத் தம்பி. வயதுக்கு ஒரு மரியாதை உண்டு. லீ என்ஃபீல்டை மழையிலும் சேற்றிலும் இயக்கிய படையில் இருந்தவன் நான்.

மயூர் விகார் பொறியாளர்:

தங்கள் வயதையும் பணியையும் மதிக்கிறேன்; எண்ணெயை மதிக்க முடியாது. உலர்ந்த சேம்பரில் கூடு சுவரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிய விசையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. எண்ணெய் பூசினால் அந்தப் பற்று குறைந்து, விசை முழுவதும் போல்ட்டின் மேல் விழுகிறது. எண்ணெய் இருக்க வேண்டிய இடம் சேம்பர் அல்ல. போல்ட்டின் பூட்டுக் காதுகளின் பின்புறத்தில் சிறிதளவு கிரீஸ் வேண்டும், அது வறண்டு உராய்ந்தாலும் கைப்பிடி கனக்கும். அதிக அழுத்தத்தால் இறுகும் கூட்டை எண்ணெய் போட்டு வழுக்கி எடுப்பது நோயை விட்டு அறிகுறியை மறைப்பதாகும். இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், நாளையும் சொல்வேன்.

ராமகிருஷ்ணபுரம் வாசகி:

தம்பி தோட்டாக்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். அடிப்பரப்பின் தடம் கடைத் தோட்டாவில் இல்லை என்கிறார். ராணுவக் கூடு எடை கூடுதலாகவே இருக்கிறதாம்.

துக்ளகாபாத் குறிகாரர்:

எடை கூடுதல் என்றால் சுவர் தடிப்பு என்று மட்டும் பொருள் அல்ல, அடிப்பகுதி மட்டும் தடித்திருக்கலாம். தண்ணீர் நிரப்பி அளந்தால்தான் உள்ளிடம் தெரியும். பொறியாளர் எடையோடு நிறுத்திவிட்டார்.

மயூர் விகார் பொறியாளர்:

எடை முதல் சல்லடை, தண்ணீர் இரண்டாவது. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுத்ததாகாது. குறை கண்டுபிடிக்கக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, லீ என்ஃபீல்டு பற்றி எழுதும் முன் காட்டியிருக்கலாம்.

பணிமனை (ஓய்வு), டெல்லி கன்டோன்மென்ட்:

எடை, தண்ணீர், வேகம், வெயில் எல்லாம் பேசியாயிற்று. பிரைமரை மட்டும் யாரும் காட்டவில்லை. அம்மா, பிரிக்கும் முன் சுட்ட கூடு ஒன்றின் அடிப்புறத்தைப் படமெடுத்து இங்கே போடச் சொல்லுங்கள். ஓரம் உருண்டையாக இருந்தால் நான் சொன்னதுதான் சரி. தட்டையாக இருந்தாலும், அது ஹெட்ஸ்பேஸால் வந்தது என்று இந்தத் தம்பியே மேலே எழுதி வைத்திருக்கிறார்.