படகின் இரு பேட்டரி சுவிட்சுக்குத் தமிழ்ப்பெயர்: ‘இரட்டை மின்கல ஆளி’ தகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு படகில் இரண்டு பேட்டரிகளுக்கும் என்ஜினுக்கும் நடுவே பொருத்தும் நான்கு நிலைத் திருகு சுவிட்சுக்கு ‘இரட்டை மின்கல ஆளி’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ‘ஆளி’ என்ற இலங்கை வழக்கை மனமார ஏற்கிறேன். சிறிய சொல், கூட்டுச்சொல்லில் எளிதில் ஒட்டும். ‘இரட்டை மின்கலம்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்றுக்குள் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் கலங்கள் ஆறு தொடராக இணைந்திருக்கின்றன. ஆகவே அது கலம் அன்று, மின்னடுக்கு. அடுக்குகள் இரண்டு என்பதைவிட, எதிலிருந்து மின்சாரம் எடுப்பது என்று தெரிவு செய்வதே இந்த ஆளியின் வேலை என்பதால் ‘மின்னடுக்குத் தெரிவாளி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘தேர்வாளி’ என்றால் தேர்வு எழுதுபவர் நினைவுக்கு வருவார்.

பெயரைவிட, முகப்பில் பொறிக்கும் நான்கு நிலைகளின் சொற்களே முக்கியம்: முதல் அடுக்கு மட்டும் (1), இரண்டாம் அடுக்கு மட்டும் (2), இரண்டும் சேர்ந்து, எதுவும் இல்லாமல். இரண்டு அடுக்குகளின் நேர்முனைகளிலிருந்தும் தனித்தனித் தடித்த கேபிள்கள் 1, 2 என்ற முனைகளுக்கு வருகின்றன. ஆளியின் பொதுமுனையிலிருந்து, என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் போகிறது. எதிர்முனைகள் இரண்டும் நிலையாக ஒன்றுசேர்ந்திருக்கும், ஆளிக்கு வருவதே இல்லை.

இரண்டு அடுக்குகளையும் சேர்க்கும் நிலைக்கு ‘இரண்டும்’ என்பதைவிட ‘இணை’ பொருத்தமானது. சோடி என்ற பெயராகவும், சேர் என்ற ஏவலாகவும் அது ஒரே நேரத்தில் பொருள் தருகிறது. ஒருமுறை இரவில் நங்கூரமிட்டிருந்தபோது என் படகின் ஆளியை அந்த நிலையிலேயே விட்டுவிட்டேன். விளக்குகளும் வயர்லெஸ்ஸும் இரண்டு அடுக்குகளையும் சேர்த்தே வடித்துவிட்டன. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரிலிருந்து ‘டக்’ என்ற ஒற்றை ஓசைதான் வந்தது. ‘இணை’ என்று எழுதியிருந்தால், அது என்ஜினைக் கிளப்பும் நேரத்துக்கான கட்டளை, நிரந்தர இருப்பிடம் அன்று என்பது கண்ணில் பட்டிருக்கும்.

எந்த அடுக்கையும் சேர்க்காத நான்காம் நிலைக்கு முன்மொழியப்பட்ட ‘அணை’யை நான் வலுவாக மறுக்கிறேன். விளக்கை அணைப்பதுபோல் எந்த நேரமும் திருப்பலாம் என்ற எண்ணத்தை அது தரும். என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி அடுக்குகளை மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் வெளியீடு பொதுமுனையில் சேரும் படகில், என்ஜின் ஓடும்போது இந்த நிலைக்குத் திருப்பினால், மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அடுக்கு இல்லாமல் மின்னழுத்தம் நொடியில் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகிவிடக்கூடும். ‘துண்டி’ என்று எழுதினால் கை சற்றுத் தயங்கும். ‘முழுநிறுத்தம்’ என்று எழுதினாலும் அது உண்மை ஆகாது, ஏனெனில் அந்த நிலையிலும் எல்லாம் நின்றுவிடுவதில்லை: படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் தானியங்கிப் பம்பைத் தனி ஃபியூஸுடன் நேரே அடுக்கில் இணைப்பதே நல்ல வழக்கம்; ஆள் இல்லாத வேளையிலும் அது இறைக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது உள்ளமைப்புக்கான சொல். 1-லிருந்து ‘இணை’ வழியாக 2-க்குத் திருப்பும்போது, புதிய முனையைத் தொட்ட பிறகே ஆளியின் தகடு பழையதை விடுகிறது. பனையேறுபவர் மேற்பிடி கிடைத்த பிறகே கீழ்ப்பிடியை விடுவது போன்றது இது. இதற்குப் ‘பற்றிவிடு முனை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். ஆனால் ‘பற்றிவிடு’ என்றால் உறுதியாகப் பற்று என்றே படிப்பார்கள். விடுதல் என்ற பொருள் துணைவினைக்குள் மறைந்துபோகிறது. ‘முன்தொடு முனை’ என்பது இப்போது என் கருத்து. அதில் விடுதல் இல்லை என்ற குறை எனக்கும் தெரிகிறது. இரண்டையும் தாங்கும் குறுஞ்சொல் ஒன்றை உங்களில் யாரேனும் தந்தால் மகிழ்வேன்.