பத்திரத்தில் மூலைவிட்டம் இல்லாத மனையை வரைவது எப்படி?

கேள்வி: பத்திரத்தில் வடக்கு 40, தெற்கு 42, கிழக்கு 60, மேற்கு 58 அடி, பரப்பு 5½ சென்ட் என்றிருக்கிறதே தவிர மூலைவிட்டம் இல்லை. ஆட்டோகேடில் (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) எப்படி வரைவது?

பதில் 1: நான்கு பக்கங்கள் மட்டும் ஒரு வடிவத்தை உறுதிசெய்யா. மனை சர்வே எண்ணில் தனி உட்பிரிவு ஆகியிருந்தால் புலப்படத்தில் (நில அளவைத் துறையின் வரைபடம்) மூலைவிட்டம் கிடைக்கக்கூடும். அதை வரைந்து, இரு முனைகளிலிருந்தும் பக்க அளவுகளை ஆரமாகக் கொண்டு வட்டங்கள் போட்டால் அவை வெட்டுமிடமே மூலை. புலப்படம் மீட்டரில் இருக்கும், கவனம்.

பதில் 2: முதலில் பரப்பைச் சரிபாருங்கள். இப்பக்கங்களுக்கு உச்சப் பரப்பே சுமார் 2,418 சதுர அடிதான்; 5½ சென்ட் என்பது 2,396 என்பதால் பொருந்துகிறது. ஆறு சென்ட் என்றிருந்தால் பத்திரமே தவறு. ஆயினும் அதே பரப்புக்கு மனை இருபுறமும் சாயலாம் என்பதால், களத்தில் டேப் பிடித்து மூலைவிட்டத்தை அளப்பதே நல்லது.

கேட்டவர்: வடமேற்கு மூலையின் எல்லைக்கல்லைக் காணவில்லையே?

பதில் 2: வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே அளந்தால் போதும், ஐயா; காணாமற்போன மூலையை 40, 58 அடி வட்டங்கள் காட்டிவிடும்.