நிலைமாறு பொருளாதாரம், முயற்சியாண்மை: எந்தச் சொல்?

> மத்திய திட்டமிடலைக் கைவிட்டுச் சந்தைக்கு வந்த நாடுகளின் முயற்சியாளர்கள் பற்றி உயர்தர மாணவருக்குக் குறிப்பு எழுதுகிறேன். 'மாற்றுப் பொருளாதார முனைவு' என்று போடலாமா? தனியார்மயமாக்கலையும் அதற்குள் அடக்கிவிட்டால் வேலை சுருங்கும்.

வணக்கம் அக்கா,

'மாற்று' வேண்டாம். மாற்று மருத்துவம், மாற்று அரசியல் என்று கேட்டுப் பழகிய பிள்ளை, இது ஏதோ வேறு வகைப் பொருளாதாரம் என்றுதான் நினைக்கும். 'முனைவு' தமிழ்நாட்டில் ஓடும். இங்கே இலங்கைப் பாடசாலையில் 'முயற்சியாண்மை'தான், அதைக் கலைப்பானேன்? 'நிலைமாறுகால நீதி' (transitional justice) ஊரறிந்த சொல். அதே வழியில் 'நிலைமாறுகால முயற்சியாண்மை' எனலாம்.

தனியார்மயத்தை அதற்குள் அடக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் பெருந்தோட்டங்களையே பாருங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போனவை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. பெயர்ப்பலகை மாறியது, செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) மாறவில்லை. (இலங்கை சோவியத் பாணித் திட்டமிடலுக்குள் போனதில்லை, அது வேறு கதை.) ரஷ்யாவிலும் 1992இல் அரச ஆலைகளின் பங்குகளை வாங்க ஆளுக்குப் பத்தாயிரம் ரூபிள் வவுச்சர் கொடுத்தார்கள், பெரும்பாலான ஆலைகளில் பழைய முகாமையாளரின் பிடி தளரவில்லை.

முயற்சியாண்மை நடந்தது வேறு இடத்தில். யாரும் தொழில் தொடங்கலாம் என்ற சட்டம் 1989 தொடக்கத்தில் போலந்தில் நடைமுறைக்கு வந்தது. வார்சாவின் தெருவோரங்களில் மடக்குக் கட்டிலை விரித்துச் சாமான் விற்றார்கள். சீனாவில் சொந்தத் தொழிலைக் கூட்டுடைமை என்று பதிந்து நடத்தினார்கள். 'செந்தொப்பி போடுதல்' என்றே அதற்குப் பெயர். இங்கே லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் லீக்ஸ் போடுகிறவரை எடுங்கள். விடியமுன் பிடுங்கி, மண் கழுவி, கட்டுக்கட்டி, ரோட்டுவரை சுமந்துபோய் கொழும்பு லொறிக்காரரோடு விலை பேசுகிறார். கடன் கேட்டுப் போனால் வங்கியில் "காணி உறுதிப் பத்திரம் இருக்கா?" என்கிறார்கள். காணி தோட்டத்துக்குரியது, உறுதிக்கு எங்கே போவார்? செந்தொப்பிக்காரருக்கும் இதே சிக்கல்தான்: உழைப்பும் முதலும் அவருடையது, பதிவில் அவர் உரிமையாளர் இல்லை. குறிப்பில் இந்த இடத்தை விரித்து எழுதுங்கள், நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

> 'காலம்' உறுத்துகிறது தம்பி. போலந்து 1990 ஜனவரி முதலாம் திகதி பெரும்பாலான விலைகளை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரேயடியாக அவிழ்த்துவிட்டது. சீனா சந்தைச் சீர்திருத்தத்தை 1978இல் தொடங்கியது, அதன் 'காலம்' எப்போது முடிந்ததென்று சொல்வது?

நியாயம். வியட்நாமுக்கும் இதே கேள்வி வரும், 1986இல் தொடங்கியவர்கள். 'காலம்' போகட்டும், 'நிலைமாறு பொருளாதார முயற்சியாண்மை' என்று வைப்போம். நீளம்தான், ஆனால் 'நிலைமாறு முயற்சியாண்மை' என்று சுருக்கினால் முயற்சியாண்மையே நிலைமாறுவதாகப் பொருள்படும். தனியார்மயமாக்கலுக்குத் தனித் தலைப்புப் போடுங்கள் அக்கா. வரைவை அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.