செர்கெய் ஸ்டெபாஷின்: பொறுப்பேற்று விலகியவரா, பொறுப்புக்கே ஆளாகாதவரா?

கீழைக்காற்று:
ரஷ்யப் பாதுகாப்புத் துறைகளிலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றிய பேச்சு எப்போதும் புதினிடமே போய் நிற்கிறது. அவருக்கு முன் 1999 மே 12 முதல் ஆகஸ்ட் 9 வரை, மூன்று மாதம்கூட நிறையாமல் பிரதமராக இருந்த செர்கெய் ஸ்டெபாஷினைப் பலரும் மறந்துவிட்டார்கள். லெனின்கிராடில் உள்துறை அமைச்சகத்தின் அரசியல் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், 1990-இல் மக்கள் பிரதிநிதியானார். சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கவிழ்க்க நடந்த 1991 ஆகஸ்ட் சதிமுயற்சி தோற்றபின், அதில் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் பங்கை விசாரித்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1994 மார்ச்சில் அதே கே.ஜி.பி.யின் வாரிசான எதிர் உளவு அமைப்புக்கே தலைவரானார். தவறு நேர்ந்தபோது பதவி விலகிய அரிய அதிகாரி என்பதால், அவரை மதிப்புடன் நினைவுகூர வேண்டும் என்பது என் கருத்து. தெற்கு ரஷ்யாவின் புத்யோன்னோவ்ஸ்க் நகர மருத்துவமனையில் செச்சென் பிரிவினைவாதத் தளபதி பசாயெவின் ஆட்கள் 1,500-க்கும் மேற்பட்டோரைப் பணயக்கைதிகளாகப் பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின், 1995 ஜூன் இறுதியில் அவர் பதவியை விட்டார். செச்சென்யப் போரையே நடத்திய பாதுகாப்பு அமைச்சர் கிராச்செவோ அடுத்த ஆண்டு வரை பதவியில் நீடித்தார்.

செங்கல்மனை:
நண்பரே, புத்யோன்னோவ்ஸ்கிலிருந்து தொடங்கினால் கணக்கு அவருக்குச் சாதகமாகத்தான் முடியும். அதற்கு ஏழு மாதம் முந்தைய 1994 நவம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று செச்சென்யாவின் பிரிவினைவாத அதிபர் துதாயெவுக்கு எதிரான செச்சென் அணியினர் டாங்கிகளுடன் தலைநகர் குரோஸ்னிக்குள் நுழைந்தார்கள். டாங்கிகளை ஓட்டியவர்களில் பலர் மாஸ்கோவைச் சுற்றியுள்ள படைப்பிரிவுகளிலிருந்து ஸ்டெபாஷினின் அமைப்பு பணம் பேசி ரகசியமாகத் திரட்டிய ரஷ்ய ராணுவத்தினர். தாக்குதல் ஒரே நாளில் சிதறியது. பிடிபட்ட அந்த இளைஞர்கள் தொலைக்காட்சியில் காட்டப்பட்டபோது, அவர்கள் தன் வீரர்களே அல்ல என்று மாஸ்கோ முதலில் கைகழுவியது. இரண்டே வாரத்தில், அந்தத் தோல்வியை மறைக்கும் முயற்சியாகவே, முழுப் போர் தொடங்கியது என்று நான் கருதுகிறேன்.

அதற்காக அவர் விலகவில்லை. புத்யோன்னோவ்ஸ்கிலும் ஜூன் 17-இல் மருத்துவமனையை மீட்க நடந்த தாக்குதல் தோற்று, பணயக்கைதிகளே இறந்த பிறகு, நாடாளுமன்றத்தின் கீழவையான டூமா அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகுதான் விலகல் வந்தது. விலகியவர் அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு அலுவலகத்துக்குத் திரும்பினார். 1997-இல் நீதி அமைச்சர், 1998-இல் உள்துறை அமைச்சர், 1999-இல் பிரதமர். விலகிய பிறகு படிப்படியாக உயர்ந்த நாற்காலிகளில் அமர்ந்தவரைப் பொறுப்பேற்றவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கீழைக்காற்று:
குரோஸ்னி குறித்த உங்கள் குற்றச்சாட்டை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த இளைஞர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி. ஆனால் திரும்பி வந்தவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். சிறைகளை உள்துறை அமைச்சகத்திடமிருந்து நீதி அமைச்சகத்துக்கு மாற்றும் சீர்திருத்தம் அவர் நீதி அமைச்சராக இருந்தபோது முடிவாகி, 1998 செப்டம்பரில், அவரே உள்துறை அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்தது. கைது செய்யும் துறையின் கையிலேயே சிறையும் இருக்கக் கூடாது என்பது சிறிய விஷயம் அல்ல. தன் அமைச்சகத்தின் அதிகாரம் குறைவதை ஏற்றுக்கொண்ட பாதுகாப்புத் துறை மனிதர்கள் எத்தனை பேர்?

நெய்தல்நிலா:
நீங்கள் இருவரும் செச்சென்யாவுக்கு அடுத்துள்ள ரஷ்யக் குடியரசான தாகெஸ்தானைத் தொடவில்லையே. 1998-இல் காதர் பகுதியின் கராமாகி, சபான்மாகி கிராமங்களில் கடும்போக்கு இஸ்லாமியரான சலாபிகள் ரஷ்யச் சட்டம் தங்களுக்குச் செல்லாது என்று அறிவித்தார்கள். ஸ்டெபாஷின் நேரில் போய்ப் பேசினார், மருந்துகளை அனுப்புவதாக உறுதியளித்தார், படையை அனுப்பவில்லை. ஓராண்டு கழித்து, அவர் பதவியிழந்த பின், அதே கிராமங்களை ராணுவம் பீரங்கிகளால் தாக்கிக் கைப்பற்றியது. அவருடைய மென்மையே அங்கே ஆயுதம் குவிய இடம்கொடுத்தது என்று ரஷ்யாவில் பலர் இன்றும் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை, பேச்சுவார்த்தைக்குப் பின் அங்கே வழக்கமான நிர்வாகத்தைக் கொண்டுவர அரசு எதுவும் செய்யாததே குறை; போய்ப் பேசியது குறை அல்ல.

செங்கல்மனை:
மென்மை என்ற சொல்லையே நான் ஏற்கமாட்டேன், அம்மா. 2000 ஜனவரியில் பத்திரிகை நேர்காணலில் அவரே கூறியதை நினைவுபடுத்துகிறேன். 1999 மார்ச்சில் உள்துறை அமைச்சகத்தின் பிரதிநிதியான ஜெனரல் ஷ்பிகுன் குரோஸ்னி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பிறகு, செச்சென்யாவுக்குள் டெரெக் ஆறு வரை முன்னேறிப் பாதுகாப்பு வளையம் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 1999 செப்டம்பரில் மாஸ்கோவின் குடியிருப்புகளில் குண்டுவெடிப்புகள் நடக்காமல் இருந்திருந்தாலும் அது நிறைவேறியிருக்கும் என்றார். அதாவது, 1999-இல் தொடங்கிய இரண்டாம் செச்சென்யப் போரின் முதல் வரைவு அவர் மேசையிலிருந்தே வந்தது. அதிபர் யெல்ட்சினுக்கு வேண்டியது போரைத் தவிர்க்கும் மனிதரும் அல்ல, போரைத் தொடங்கும் மனிதரும் அல்ல. தன்னையும் தன் குடும்பத்தையும் காக்கும் வாரிசுதான். முன்னாள் பிரதமர் பிரிமாகோவும் மாஸ்கோ மேயர் லுஷ்கோவும் யெல்ட்சினுக்கு எதிராகக் கட்சி கூட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெபாஷின் அவர்களை எதிர்த்து நிற்கவில்லை என்பதே அவர் நீக்கப்பட்டதற்குப் பெருங்காரணம் என்பது என் துணிபு.

கீழைக்காற்று:
ஐயா, அந்த நேர்காணலை நீங்கள் எடுத்துக்காட்டியபின், அமைதியை விரும்பியவர் என்ற பொருளில் அவரைக் காக்க நான் முயலமாட்டேன். டெரெக்கோடு நிற்கும் திட்டமும் குரோஸ்னியைத் தரைமட்டமாக்கிய போரும் ஒன்றல்ல. ஆனாலும் முன்னது பின்னதற்கு ஒரு படிக்கட்டாக அமைந்தது. ஆயினும் உங்கள் கடைசி வாக்கியம் என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. 1999 மே 19-இல் டூமா 301 வாக்குகளால் ஏற்ற பிரதமரை யெல்ட்சின் நீக்கினார். ஆகஸ்டில் புதினுக்குக் கிடைத்தவை 233. எதிர்க்கட்சிக்காரர்களை எதிரிகளாக நடத்த மறுத்ததற்காக ஒருவர் பதவி இழந்தார் என்றால், அந்த மறுப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. டிசம்பரில் அவர் தாராளவாதக் கட்சியான யாப்லோகோவின் பட்டியலில் இடம்பெற்றார், டூமாவுக்கும் வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செங்கல்மனை:
யாப்லோகோவில் எத்தனை நாள் நிலைத்தார்? 2000 ஏப்ரலிலேயே அரசுக் கணக்குத் தணிக்கை மன்றத்தின் தலைவராகி, 2013 வரை, புதினின் ஆட்சியில் பதின்மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 2004-இல் அந்த மன்றம் 1993 முதல் 2003 வரையிலான தனியார்மயமாக்கலைப் பற்றித் தயாரித்த ஆய்வறிக்கை பயனுள்ள ஆவணம்தான். அரசுச் சொத்து எப்படி மலிவாகக் கைமாறியது என்பது அதில் இருக்கிறது. ஆனால் மன்றத்துக்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரம் இல்லை. கோப்பை அரசு வழக்குரைஞரிடம் அனுப்பலாம், அவ்வளவே. 1991-இல் கே.ஜி.பி.யை விசாரித்தபோது அவர் கையில் அந்த அமைப்பை மாற்றும் வாய்ப்பு இருந்தது. அப்போது அதைக் கலைத்துப் புதிதாகக் கட்டச் சொல்லாமல், பிரித்துப் பெயர் மாற்றுவதோடு நிறைவடைந்த தலைமுறையில் அவரும் ஒருவர். என் வருத்தம் குரோஸ்னியைவிட அதன்மீதே அதிகம்.

நெய்தல்நிலா:
அந்த 1991 விசாரணைக் குழுவின் காலத்தைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். அப்போது கே.ஜி.பி.யின் தலைவராக இருந்த பகாதினும் ஒரே ஆண்டுக்குள் ஒதுக்கப்பட்டார். ஸ்டெபாஷின் மட்டும் தங்கினார். தங்கியதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதைத்தான் நீங்கள் இருவரும் இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.